வராதவன் வீட்டார்

வேல்ட் என்றால் தண்ணீரின் மேலிருந்து.
எஸ்தோனியாவில் இதை யாருக்கும் விளக்க வேண்டாம்.
விளக்க வேண்டியது வேறு:
கடல் எங்கோ கிடக்க,
வோரு பக்கத்து உருளைக்கிழங்கு மேட்டில்
தண்ணீரிலிருந்து வந்தவர்களுக்கு என்ன வேலை?

அப்பாவிடம் பதில் இருந்தது.
நாம் தீவுக்காரர்கள், புயலில் வந்து ஒதுங்கினோம்.
இருநூறு கிலோமீட்டர் உள்ளே கொண்டுவந்து ஒதுக்குகிற புயல்!
களஞ்சியக் கூரையில் காற்றுக்குத் திரும்பிய சேவலைப் பிடுங்கிவிட்டு
தகரப் படகொன்றை நட்டார்.
அவர் கல்லறையிலும் அலைகள்.
அலைக்கு நாற்பது யூரோ என்ற கல்தச்சர்
மூன்றாவதைக் கொசுறாகச் செதுக்கிக் கொடுத்தார்.

நவம்பரில் தார்த்து போனேன், மழையில் நனைந்தபடி.
ஆவணக்காப்பகத்தில் ஹெல்வே என்ற அம்மாள்
புழு நெளிந்த மாதிரியான பழைய ஜெர்மன் கையெழுத்தை
காய்கறிச் சீட்டு வாசிப்பதுபோல் வாசித்தார்.

1823. பண்ணைத் துரைக்கு அவசரம்.
ஆட்கள் இனி அவர் சொத்தில்லை என்று சட்டம்;
விடுதலையானவனுக்கு ஒரு குடும்பப் பெயராவது வேண்டும்.
அன்று காலை அவர் கண்ணில் பறவைகள் பட்டிருக்க வேண்டும்.
யூரிக்கு வானம்பாடி.
பியேத்தருக்கு நாரை.
தான்னியேலுக்குக் காகம், பாவம், என்ன செய்தானோ.
நாலாவது மிஹ்கெல்.
அவனுக்கு எதிரே பறவை இல்லை.
கணக்கர் ஒரே ஒரு சொல் போட்டிருக்கிறார், ஜெர்மனில்:
ஃபேல்ட்.

ஹெல்வே கண்ணாடியைக் கழற்றினார்.
"ஆளைக் காணோம் என்று அர்த்தம்.
வரவில்லை."

பாதிரியார் படியெடுத்த ஏட்டில்
அந்தச் சொல் பெயர்க் கட்டத்துக்குள் குடியேறியிருந்தது.
அதற்கடுத்த ஏட்டில் ஃ உதிர்ந்திருந்தது.
எங்கள் உழவர் நாக்குக்கு அந்த ஊதல் ஏறாது,
வ என்றே பழகிவிட்டார்கள்.
முப்பது வருடத்தில்
இல்லாமை தண்ணீராயிற்று.

எங்கே போயிருந்தான்?
லாடம் கட்டவா, குடித்துவிட்டுக் கிடந்தானா,
யாரோ வைக்கும் பெயர் வேண்டாமென்றே போனானா?
ஏடு முகத்தைத் திருப்பிக்கொள்கிறது.
அவன் வந்திருந்தால் அடுத்த பறவை அவனுக்கு.
நான் இன்று திருமதி மரங்கொத்தி.

கேட்காமலே இன்னொரு பெட்டி கொண்டுவந்தார் ஹெல்வே.
1944, பிப்ரவரி.
வேறு ஜெர்மானியர்கள், வேறு பட்டியல்,
படைக்கு வந்து நிற்க வேண்டியவர்கள்.
வேல்ட், ஆர்னோல்ட்: என் தாத்தா.
எதிரே எழுத்தரின் குறிப்பு: ஃபேல்ட்.
ஒரே சொல்லை இரண்டு முறை எழுதுகிறோம் என்று
அவனுக்குத் தெரியாது.
தாத்தா அப்போது காட்டில்,
தேவதாரு வேருக்கடியில் தோண்டிய குழியில்
பேனோடு பதினேழு வாரம்.
பட்டியலில் மிச்சமிருந்த பதினொரு பேரும்
தேவாலயச் சுவரில் பளிங்கில் இருக்கிறார்கள்.
நாங்கள் அங்கேயும் இல்லை.
எங்கள் வீட்டில் பிள்ளை பிறந்தது.

படிக்கட்டில் நின்று தம்பி உர்மோவைக் கூப்பிட்டுச் சொன்னேன்.
வெகுநேரம் அவன் பக்கம் டிராக்டர் சத்தம் மட்டும்.
பிறகு, "அப்போ அந்தப் படகு?"
"இருக்கட்டும். ஓடிப்போக ஆகும்."

கோட்டுக்குக் கொடுத்த சீட்டைத் தொலைத்துவிட்டேன்.
ஒரே காதில் நாலு தோடு போட்ட பெண்
நோட்டைப் புரட்டி, விரலை நிறுத்தி,
காலி வராந்தாவைப் பார்த்து உரக்கக் கேட்டாள்:
"வேல்ட்?"

"உள்ளேன்" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை.
கைநீட்டி வாங்கியபோது
கோட்டிலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.