மரச்சீனி: காண்க

பளுகல் சோதனைச்சாவடிக்கு நாலு கடை தள்ளி
என் கிளை நூலகம்.
அங்கே லாரியை நிறுத்தி என்ன சரக்கு என்பார்கள்,
இங்கே நான் புத்தகத்தை.

ஒரு புத்தகம் ஓரிடத்தில்தான் நிற்க முடியும்.
தேர்வில் இதை எழுதி
இரண்டு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை மழையோடு வந்தார் ஞானாபரணம்,
ரப்பர்ப்பால் நாறும் சட்டை.
"மரச்சீனியப் பத்தி புஸ்தகம் உண்டா?"
எதற்கென்று கேட்பது எங்கள் விதியில் இல்லை.
633-க்கு நடந்தேன். பயிர்.
ரகம், இடைவெளி, ஏக்கருக்கு இத்தனை டன்.
புரட்டிவிட்டுத் தலையசைத்தார்.
"பசு செத்துப்போச்சு.
தோலும் எலையும் தின்னுச்சு.
அதுதான்னு சொல்லுதாவ."

அப்படியானால் 636.
கோமாரி இருந்தது, மடிவீக்கம் இருந்தது,
சினை பார்க்கும் முறை படத்தோடு.
615-இல் நஞ்சு:
பாம்பும் பூச்சிமருந்தும்.
அடுக்கு அடுக்காக என் பின்னால்
அவர் ஈரச் செருப்பு.

கடைசியில் மலையாள அலமாரி.
அதற்கு எண் போட ஆள் வரவே இல்லை.
வேதமும் வைத்தியமும் மோட்டார் பழுதும்
மொழி ஒன்று என்பதால்
ஒரே பலகையில், தோளில் தோள் இடிக்க.
அட்டை போன ஒரு சமையல் புத்தகம்.
மரச்சீனிக்கு அதில் பெயர் கப்ப.
எழுத்துக்கூட்டினேன்:
முதல் கொதிநீரைக் கொட்டிவிடவும்.
கசக்கும் இனத்தின் தோலை
ஆடுமாடு எட்டுமிடத்தில் போட வேண்டாம்.

வாசிக்கத் தெரியாத அந்த வரியை
விரலால் தொட்டபடி நின்றார்.
சாவடியில் ஒரு லாரி உறுமி நின்றது.
ஓட்டுநர் "கப்ப" என்றான்,
உள்ளிருந்தவர் "மரச்சீனி" என்று சத்தமாகச் சொல்லி
எழுதிக்கொண்டார்.
கம்பு மேலே போனது.

"அடுக்களைக்குத் தெரிஞ்சிருக்கு" என்றார் ஞானாபரணம்.
"தொழுத்துக்கு ஒருத்தரும் சொல்லல்லியே."

உறுப்பினர் அட்டை இல்லை அவரிடம்.
புத்தகமும் வேண்டாமாம்.
கூட்டுறவுக் கடனில் இன்னும் பதினோரு தவணை என்று
குடையிடம் சொல்வதுபோலச் சொல்லி விரித்தார்.

பழைய அட்டவணைச் சீட்டொன்றின் முதுகில் எழுதினேன்:
மரச்சீனித் தோல். காண்க:
மலையாள அலமாரி, மேல்பலகை,
அட்டையில்லாத சமையல்.
636-இல்
மடிவீக்கத்துக்கும் சினைக்கும் நடுவே செருகினேன்.
தணிக்கைக்கு வருகிறவர்
குப்பை என்று உருவிப் போடுவார்.
இன்னொன்று எழுதிக்கொள்ளலாம்,
சீட்டுக்கா பஞ்சம்.

பதிவேட்டில் அன்று
வாசகர் ஒன்று,
இரவல் பூஜ்யம்.
மற்றதை எழுத
அதில் கட்டம் இல்லை.