ஆணி அடிக்காத வீடு

வாடகை ஒப்பந்தத்தின் ஒன்பதாம் வரி:
சுவரில் ஆணி கூடாது.
மெல்பேர்னிலிருந்து ரோசலின் அசரப்பா
ஒவ்வொரு டிசம்பரும்
நத்தார் வாழ்த்தோடு சேர்த்து அதை நினைவூட்டுவார்.

சரி, ஆணி வேண்டாம்.
நெற்றியில் 1911 என்று சுண்ணாம்பில் புடைத்து நிற்கும்
இந்தக் கொட்டாஞ்சேனை வீட்டுக்கு
நான் என்ன சூட்ட?
அது ஏற்கெனவே உடுத்திக்கொண்டுதான் இருக்கிறது.
கதவுக்கு மேலே பலகையில் அறுத்த பூவேலை;
பின்னேரம் மூன்று மணிக்கு அதன் நிழல்
சிவப்புச் சீமெந்தில் இறங்கி
முதிரை அலுமாரி வரை மெல்ல நடக்கும்.
அந்த நிழலை மறைக்காத எதுவும் எனக்குச் சம்மதம்.

நெவில் புறக்கோட்டையிலிருந்து வந்தான்
நனைந்த காற்சட்டையும்
நாற்பது மீற்றர் மின்விளக்குக் கொடியுமாக.
சிவப்பு, பச்சை, நீலம், பிறகு எல்லாம் ஒன்றாக.
போதாததற்கு ஒரு சின்னப் பெட்டி பாடவும் செய்தது.
“பேரம் பேசி ஆயிரத்து எழுநூறுக்கு முடிச்சன்.”
நான் வீட்டைப் பார்த்தேன்.
வீடு என்னைப் பார்த்தது.
“முன்பக்கம் வேண்டாம்” என்றேன்.
கொடியை முழங்கையில் சுற்றிக்கொண்டு
குசினிப் பக்கம் போனான்,
மீன் விலைபோகாத மீன்காரனைப் போல.

பிறகு என் நத்தார்.
வாசல் தூண்களுக்குக் கமுகம்பாளை இரண்டு,
வெள்ளை நூலால் கட்டி.
பித்தளைக் குடத்தில் ஒரு சவுக்கங்கிளை.
பஞ்சு இல்லை, ஜிகினா இல்லை,
அது தானாகக் காய்த்த காய்கள் மட்டும்.
மேசைக்குக் கஞ்சி போட்ட விரிப்பு.
ஜன்னலுக்கு ஒன்றாகப் பதினொரு மெழுகுதிரி.

பன்னிரண்டாவதை
முன்சுவரின் உயரத்து மாடக்குழியில் வைக்க
ஏணி ஏறினேன்.
தூசுக்கு அடியில் நகத்தில் தட்டுப்பட்டது மெழுகு.
ஒரு வட்டம். அதன்மேல் இன்னொரு வட்டம்.
வெள்ளை, பழுத்த வெள்ளை, தேன்நிறம்,
எல்லாவற்றுக்கும் கீழே ஒரு சிவப்பு.
நாலைந்து பேருக்கு வந்த அதே யோசனை,
சரியாக நான் கைநீட்டிய இடத்தில்.
மேலே ஓர் ஆணி.
ஆம், ஆணிதான். சதுரத் தலை, துரு,
எந்த ஒப்பந்தத்துக்கும் முந்தியது.
ஏணியின் உச்சியில் தனியே சிரித்துவிட்டேன்.
கடதாசி நட்சத்திரத்தை அதில் மாட்டினேன்.
மெல்பேர்னுக்குச் சொல்லவில்லை.

ஏழு மணி. மழை விட்டிருந்தது.
தெருவுக்கு எதிர்ப்பக்கம் போய் நின்றேன்.
படமெடுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பதுபோல்
நின்றது வீடு.
அழகு. சத்தியமாக அழகு.
முச்சக்கரவண்டிகள் போயின.
பாண் வண்டி தன் ஒரே பாட்டைப் பாடிக்கொண்டு போனது.
ஒருவரும் திரும்பவில்லை.

அப்போது பின்னாலிருந்து கூச்சல்.
சுற்றி ஒழுங்கைக்குள் ஓடினேன்.
மதிலுக்கு அந்தப்புறம் தோட்டத்துப் பிள்ளைகள்,
கவிழ்த்த வாளிகளில், பிளாஸ்டிக் கதிரைகளில்,
குழாயடிக் கட்டில்.
எங்கள் குசினி ஜன்னலில்
சிவப்பு, பச்சை, நீலம்.
“இப்ப நீலம்” என்கிறாள் ஃபஸ்னா.
“இல்ல, பச்சை.” டிலுக்‌ஷன் ஒரு டொபி பந்தயம் வைக்கிறான்.
சின்னவள் இஷார
எல்லாம் ஒன்றாக எரியும் அந்த நொடிக்காக
முன்கூட்டியே வாயைத் திறந்து வைத்திருக்கிறாள்.
உள்ளே நெவில் தேங்காய் துருவுகிறான்,
தனக்கு இத்தனை கூட்டம் என்று தெரியாமல்.

யாரோ ஒரு வாளியை என் பக்கம் தள்ளினார்கள்.
உட்கார்ந்தேன்.
முன்பக்கத்தில் பன்னிரண்டு சுடர்கள்,
பழைய மரம், காற்று வேறு,
போய்ப் பார்க்க வேண்டும்.
இன்னும் ஒரு சுற்று வரட்டும்.
“அக்கா, நீங்க என்ன நிறம்?”
சிவப்பு என்றேன்.
நீலம் வந்தது.
ஒரு டொபி கடன்.