கறுக்க வேண்டிய வட்டம்

செந்தூல் இடைநிலைப்பள்ளி, இரண்டாம் படிவம்.
ஆலோசனை அறையின் மின்விசிறி
சுற்றுக்கு ஒருமுறை இருமுகிறது.
எதிரே ஹர்வேந்திரன்,
நாற்காலியின் இரண்டு கால்களில்.

வாசிக்கச் சொல்லிக் கடிகாரத்தை அழுத்தினேன்.
"வெள்ளத்தில் நாய்க்குட்டி..."
எல்.ஆர்.டி. கடந்தது. "ஆறு பெட்டி" என்றான்.
வரி தொலைந்தது. விரலால் தேடிப் பிடித்து,
கேண்டீனில் சம்பல் வதங்கும் வாசனைக்கு
மறுபடியும் தொலைத்தான்.

"அடித்... அடித்துச்... செல்லப்..."
நான்கு முறை அந்தச் சொல்லின்மேல் ஏறி
நான்கு முறை சறுக்கினான்.
தாளைத் தள்ளிவிட்டான்.
"செத்துப்போச்சுன்னு நேரா எழுத வேண்டியதுதானே டீச்சர்?"
முகத்தில் ஒன்றுமில்லை.

கேள்வி பதினேழு:
பிறர் துன்பம் இவரைத் தொடுவதில்லை.
பொய். ஓரளவு உண்மை. முழு உண்மை.
வகுப்பாசிரியை தவமலர்
தாளின் மறுபுறம் புடைக்கும்படி
மூன்றாவதைக் கறுத்துத் தந்திருக்கிறார்.
போன வாரம் காம்பஸ் முள்ளால்
பக்கத்துப் பையனின் கையைக் குத்தியிருக்கிறான்.
ஏன் என்றதற்கு, "கை அங்க இருந்துச்சு."

இனி என் பத்தி.
காலையிலிருந்து பதினொரு பேர்
தடுக்காமல் வாசித்தார்கள்.
குட்டி என்னவாயிற்று என்றேன்.
"ஆத்துக்குப் போயிருச்சு" என்றார்கள்,
சிரித்த முகமாய்.

மணி அடித்தது. அடுத்த ரயிலுக்கு
நானும் தலையைத் திருப்பியிருக்கிறேன்.
ஆறு பெட்டிதான்.
பார்த்தால் நாற்காலி
நான்கு கால்களிலும் நிற்கிறது, காலியாக.
என் டூபி பென்சிலையும் காணோம்.

கைப்பையில் பேனா இருக்கிறது.
பேனாவால் கறுத்தால்
எந்திரம் ஏற்காது.