இன்று எத்தனை பேர்?

மார்ச் மாதம். சாஸ்கட்டூனில் இன்னும் பனி.
கப்பலுக்குப் பணம் கட்டும்போது திரையில் ஒரு கேள்வி:
இரவு உணவு ஐந்தரைக்கா, எட்டுக்கா?
கடல் எப்படி இருக்கும், பனிப்பாறை என்ன நிறம்,
அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.
ஓரெஸ்ட் எட்டிப் பார்த்து, "பசிக்கும்போது" என்றான்.
அப்படியொரு கட்டம் அதில் இல்லை.

மஞ்சள் பேனா எடுத்தேன்.
ஆறு மணிக்குத் தாராஸுக்குப் பந்தெறி ஆட்டம்.
ஏழுக்கு டார்காவுக்குக் கடற்கொள்ளைக்காரி வேஷம்.
ஏழேகாலுக்கு மேல் லெஸ்யாவின் கழுத்து நிற்காது,
எதிரே எந்தத் தட்டு இருக்கிறதோ அதில் கவிழ்ந்துவிடும்.
ரயில் அட்டவணை போடுகிறவர்களுக்கு
ரயில் தரையில் உருண்டு அழும் என்ற பயமில்லை.

முதல் நாள் ஐந்தரை.
மூன்று மணிக்கே நீச்சல்குளத்து ஓரம்
பீட்ஸாவில் வயிறு நிரப்பியிருந்தார்கள்.
மூன்று தட்டு சால்மன் மீன்
வந்த வழியே திரும்பிப் போனது.

இரண்டாம் நாள் எட்டு.
அலாஸ்காவின் ஜூன், வெளியே பட்டப்பகல்.
பத்து மணிக்கும் சூரியன் படுக்க மாட்டேன் என்கிறது,
அதற்கும் ஏதோ கிளப் இருக்கும் போல.
லெஸ்யா சூப் வருமுன்பே சரிந்தாள்.
பரிமாற வந்த சுதார்ஜோ எதுவும் கேட்கவில்லை.
இரண்டு நாற்காலியை ஒட்டிப் போட்டு,
மேசைத் துணியொன்றை நாலாய் மடித்துத் தலைக்கு வைத்தார்.
எங்கேயோ நிறையப் பழகிய கை.

வாசலில் அவருக்குத் தினமும் ஒரே கேள்வி:
"இன்று எத்தனை பேர்?"
நாலு. மூன்று.
மூன்றரை, என்றேன் ஒருநாள்
தூங்குகிறவளைத் தோளில் போட்டுக்கொண்டு.

நான்காம் நாள், இரண்டு.

பதின்மூன்று வருஷத்தில் முதல்முறையாக
சூடு ஆறாத உருளைக்கிழங்கு.
யாருக்கும் நறுக்கித் தர வேண்டாம். கத்தி சும்மா கிடந்தது.
ஓரெஸ்ட் என்னைப் பார்த்தான்.
நான் உப்புக் குப்பியைப் பார்த்தேன்.
தாராஸின் பல்கம்பி பற்றிக் கால்மணி நேரம் பேசினோம்,
பிறகு அதுவும் தீர்ந்துபோனது.
எதிரே மூன்று தட்டு,
மூன்றிலும் கலையாத துணி அன்னங்கள்.
பத்து வருஷம் கழித்து வர வேண்டிய மாலை
வழி தவறி முன்னாலேயே வந்து
எங்களோடு உட்கார்ந்துவிட்ட மாதிரி இருந்தது.
அவன் ரொட்டியைப் பிய்த்து
கரிந்த ஓரத்தை என் தட்டில் வைத்தான்.
எனக்கு அதுதான் பிடிக்கும்.
யாரிடமும் சொல்லி எத்தனை காலமாயிற்று.

ஆறாம் நாள் மூடுபனி, அதோடு அலை.
கப்பல் ஆடிய ஆட்டத்தில்
பிள்ளைகளின் கிளப்பை மூடிவிட்டார்கள்.
ஐந்தரையும் இல்லை, எட்டும் இல்லை,
ஆறு ஐம்பதுக்கு அறைக்கதவு தட்டும் சத்தம்.
தாராஸ், செருப்பில்லாமல், சாக்ஸோடு.
பின்னால் டார்கா, ஒரு கண்ணில் கறுப்புத் துணி,
மீசை பாதி அழிந்து கன்னம் வரை.
"பசிக்குது."
கட்டத்தில் இல்லாத அந்த நேரம்.

பழக்கதோஷம், அட்டவணையைத் தேடினேன்.
அதன் முதுகில் லெஸ்யா
என் மஞ்சள் பேனாவால் நண்டு வரைந்திருந்தாள்,
பதினோரு கால்.

சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து
சாப்பாட்டுக் கூடத்து வாசலுக்கு வந்தோம்.
"இன்று எத்தனை பேர்?"

ஐந்து, என்றேன்.
சொன்ன பிறகுதான்
திரும்பி எண்ணினேன்.