நாளொன்றுக்கு எண்ணூறு ரூபாய்

ஆரப்பாளையத்தில் வேன் ஏறும்போதே சொல்லிவிட்டார்கள்:
நாளைக்கு எண்ணூறு, மதியச் சாப்பாடு அவர்களோடு.
அவர்கள் சொல்வதை இவர்களுக்கு,
இவர்கள் சொல்வதை அவர்களுக்கு.
கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

ஆறு பேர். ஹாலந்துக்காரர்கள்.
மூன்றாம் நாளே பின்கழுத்தெல்லாம்
வெந்த இறால் நிறம்.
ஃபெம்கே என்பவள் இருந்த உயரத்துக்கு
டேங்க்கில் ஏற ஏணியே வேண்டாம் என்றான்
மோட்டார் போடும் தவசி.
அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

உசிலம்பட்டி தாண்டி ஓடைக்கரைப்பட்டி.
போர் தண்ணீரில் ஃப்ளோரைடு.
பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்
வாயைப் பொத்திச் சிரிக்கப் பழகியிருந்தார்கள்.
டேங்க்கிலிருந்து பள்ளிக்கூடம்வரை குழாய்,
குழாய்முனையில் பில்டர், அதற்கொரு தகரக் கொட்டகை.
பள்ளம் தோண்டத்தான் பத்தாயிரம் மைல் வந்திருந்தார்கள்.
ஏதோ ஒரு மைல்கணக்கு. நான் எண்ணவில்லை.

ஊருணிக்குள் நூறுநாள் வேலை நடந்துகொண்டிருந்தது.
விருமாயி கரையேறி வந்தாள்.
"இவுகளுக்கு நாள் கூலி எம்புட்டு?"
கூலி இல்லை, தன்னார்வலர்கள்.
"அப்ப பிளேனு டிக்கெட்டு?"
அதுவும் அவர்கள் கைக்காசு.
திரும்பி, ஊருணியைப் பார்த்துக் கத்தினாள்:
"ஏண்டி ஒச்சம்மா, காசு கட்டி
மண்ணு சொமக்க வந்துருக்காகடி!"
மம்பட்டிகள் நின்றன. ஊருணி முழுக்கச் சிரிப்பு.
"நமக்கு மூணு மாசமாக் கூலி ஏறல,
அதையும் சேத்துச் சொல்லு."

சொன்னேன்.
ஃபெம்கே நோட்டில் குறித்துக்கொண்டாள்.
குறித்ததை எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பதென்று
அவளுக்கும் தெரியாது,
அவள் முகத்திலேயே அது தெரிந்தது.
பதிலுக்கு அவள் ஒன்று சொன்னாள்:
எங்கள் ஊரில் மோட்டார் ஓடுவது
தண்ணீரை வெளியேற்ற.
நிறுத்தினால் வீடு முங்கிவிடும்.
யாரும் நம்பவில்லை. ஒச்சம்மாள் மட்டும்
"எறைக்கிறத இந்தப் பக்கமா எறைக்கச் சொல்லு" என்றாள்.
ஃபெம்கே சிரித்தபடி கடப்பாரையை எடுத்தாள்.
சுக்காம்பாறை. இருபது அடிக்கு நாலு கொப்புளம்.

கூட்டத்தில் ஒரு சொல் அடிக்கடி வந்தது.
நின்று நிலைக்கும் என்று தமிழில் வைத்தேன்.
"எது நிக்கும்? பம்பா, தண்ணியா?"
விருமாயி கேட்ட கேள்விக்கு
இரண்டு மொழியிலும் என்னிடம் ஒன்றுமில்லை.

திறப்புவிழா. முதல் டம்ளர் அவளுக்குத்தான்.
குடித்தாள். உதட்டைத் துடைத்தாள்.
"சப்புன்னு இருக்கு.
இதுல டீ போட்டா டீயும் சப்புன்னுதான் போகும்."
ஆறு கேமராக்கள் என்னைப் பார்த்தன.
ரொம்பச் சந்தோஷப்படுகிறார் என்றேன்,
நல்ல ஆங்கிலத்தில்.

ஆவணியில் ஃபெம்கேயிடமிருந்து செய்தி:
தண்ணீர் எப்படி இருக்கிறது?
எனக்குத் தெரியவில்லை.
எட்டு மாதம், எண்ணூறு தர ஆளில்லை, நான் போகவில்லை.

ஒரு சனிக்கிழமை போனேன்.
கொட்டகைக் கம்பியில் வெள்ளாடு கட்டியிருந்தது.
"மருந்து தீந்துபோச்சுக்கா.
பலகை நம்பருக்கு எத்தன தடவ அடிச்சேன்,
அப்படி ஒரு நம்பரே இல்லங்கிறாக" என்றான் தவசி.
நாட்டு எண்ணோடு நீளமான நம்பர்.
பத்து இலக்கத்தோடு அவன் நிறுத்தியிருந்தான்.

மறுசனிக்கிழமை
மேலமாசி வீதிக் கடையில் பேரம் பேசி வாங்கிய
இரண்டு மருந்து உருளைகளை
மடியில் பிள்ளைபோல் வைத்துக்கொண்டு பஸ்ஸில்.
கண்டக்டர் லக்கேஜ் போட்டார்.

தவசி திருகிக்கொண்டிருக்க, விருமாயி வந்து நின்றாள்.
"யாரு அனுப்பிச்சா?"
யாருமில்லை.
"கூலி?"
இல்லை.
"பஸ்ஸுக்கு?"
என் காசுதான்.
என்னை மேலும் கீழும் பார்த்தாள்.
ஊருணி வரை கேட்கிற மாதிரி அன்று கத்தியவள்
இன்று கத்தவில்லை.
"இரு, டீ போடுறேன்" என்று உள்ளே போனாள்.

எந்தத் தண்ணீரில் என்று
நான் கேட்கவில்லை.