இரண்டு தசம் எட்டு

பதினொரு சைக்கிள்.
முப்பத்தேழு பெயர்.
மூன்று கிலோமீற்றருக்கு மேல் நடக்கிற பிள்ளைக்குத்தான் என்று
கடலுக்கு அப்பால் ஏதோ ஒரு மேசையில்
நல்ல மனசுக்காரர்கள் கூடி முடிவெடுத்திருந்தார்கள்.

அளப்பது என் வேலை.
கந்தோர் மோட்டார்சைக்கிளில்,
படலையிலிருந்து பள்ளிக்கூட வாசல்வரை.

முத்தையன்கட்டு இடதுகரை.
பாதி தகரம், பாதி தறப்பாள்.
கம்சாயினி, தரம் ஆறு,
சப்பாத்தைக் கையில் பிடித்தபடி ஏறினாள்.
நடக்கிறபோதும் அப்படித்தானாம்,
பள்ளிக்கூடம் தெரிகிற இடத்தில்தான் கொழுவுவாளாம்.
"தேயக்கூடாது. பிறகு தங்கச்சிக்கு வேணும்."

குளக்கட்டு, மதகு,
யானை முறித்துப் போட்ட பாலை,
கிரவல் றோட்டு.
இரண்டு தசம் எட்டு.

முகாமில் வரிசையில் நின்ற காலம்
யாரோ ஒருவர் என் பெயரை
இரண்டு தரம் எழுதினார்.
முகம் ஞாபகமில்லை.
அந்த இரண்டாவது பருப்புப் பொதியைத்தான்
இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்.

எஞ்சினை நிற்பாட்டாமல் திருப்பினேன்.
படலையிலிருந்து மறுபடி,
இந்தமுறை சங்கக்கடைப் பக்கமாக,
மில்லைச் சுற்றி,
பிள்ளையாரையும் ஒரு தரம் வலம் வந்து.
மூன்று.
மூன்று தசம் ஒன்று.

முதுகில் தட்டினாள்.
"அண்ணை,
நாங்கள் இந்தப் பாதையால போறேல்லை."

"மாரியில?"
"மாரியில வான் பாயும். அப்ப
காட்டுக்கரையால சுத்தவேணும். ஆனை நிக்கும்."
"அது எவ்வளவு தூரம்?"
யோசித்தாள்.
"தெரியாது.
அந்த நாளில அம்மா விடமாட்டா."

படிவத்தில் ஒரு சின்னக் கட்டம்.
பேனையை உதறினேன்,
மை இருந்தது.
பக்கத்துக் கொப்பியைப் பார்த்து எழுதுகிறவனைப்
பார்ப்பதுபோல
என் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

இரண்டு தசம் எட்டு
என்றே எழுதினேன்.

முப்பத்தேழு படலைக்கும் போய்வந்த பெற்றோல் காசில்
பன்னிரண்டாவது சைக்கிளின்
முன்சில்லாவது வந்திருக்கும்.
அந்தக் கணக்கைப் பிறகுதான் போட்டேன்,
பற்றுச்சீட்டு ஒட்டும்போது.

கொடுக்கிற நாளில் பந்தல், பதாகை,
வந்த பிள்ளைக்கெல்லாம் ஒரு பணிஸ்.
படம் எடுத்தவர்
மணிகளை ஒன்றாய் அடிக்கச் சொன்னார்.
அடித்தார்கள்.
படத்தில் அது கேட்காது.
கம்சாயினியும் வந்திருந்தாள்,
பணிஸில் பாதியைப் பிய்த்துத்
தாளில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

திரும்புகையில் குளக்கட்டில் கண்டேன்.
மிதிப்பது வேணுஜா,
மூன்று தசம் நாலு.
காரியரில் இவள்.
மதகடி ஏற்றத்தில் குதித்து இறங்கித் தள்ளினாள்,
மேலே போனதும் ஓடிப்போய்த் தொற்றினாள்,
ஒரு கையில் சப்பாத்து,
மறுகையில் பணிஸ்,
பிடிக்க எதுவும் இல்லாமல்.

நான் முந்திப்போக ஒதுங்கினார்கள்.
பின்னாலிருந்து கத்தினாள்:
"அண்ணை, இதுதான்
நாங்கள் போற பாதை!"