பதினேழாம் கேள்வி

சகாதாவில் பனி மேலிருந்து விழாது,
கடலிலிருந்து பக்கவாட்டில் வரும்.
குடை விரித்தும் பயனில்லை.
நகராட்சி விளையாட்டுக் கூடத்துக்குள் நுழைந்தபோது
என் கோட்டின் இடப்பக்கம் மட்டும் வெள்ளை,
கக்கத்தில் காப்பீட்டுப் படிவம்.

பதினாறு கேள்விகள் எளிது.
இறந்தவர்: இசோபே தொமோஹிசா.
வயது நாற்பத்து நான்கு.
மீன்சந்தையில் பனிக்கட்டி அறைக்குப் பொறுப்பாளர்.
பயிற்சி நாள் செவ்வாய். கறுப்புக் கச்சை.
பதினேழாவது:
மேற்படி கலை உயிரைப் பறிக்கவல்லதா?
ஆம் / இல்லை. பொருந்தாததை அடிக்கவும்.

கேட்டதும் மூன்று பேர் சேர்ந்து பேசினார்கள்.
பல் மருத்துவர் ஷோஜி சொன்னார்:
ஜூடோவில் 'ஜூ' என்றால் மென்மை.
மென்மை எங்காவது கொல்லுமா?
தபால் நிலையக்காரர் குரலைத் தாழ்த்தினார்:
பழைய நாளில் கொலை அடிகள் இருந்தன,
காதுக்குப் பின்னால் இங்கே, தொண்டையில் இங்கே,
அதையெல்லாம் களைந்துவிட்டுத்தான்
பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்கள்.
சொல்லும்போது அவர் முகத்தில் சின்னப் பெருமை,
கடிக்கும் நாயை வளர்ப்பவருக்கு இருப்பது போல.
மூன்றாமவர்:
தெருவில் எவனாவது கத்தியோடு வந்தால்
நான் ஓடிவிடுவேன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.
எழுதிக்கொண்டேன்.

அன்று இசோபேயோடு பாயில் நின்றவர் தோகாஷி.
லாரி ஓட்டுகிறார்.
மூலையில் வெள்ளைச் சட்டைகளைக் குவித்து வைத்து
ஒவ்வொன்றின் தோள்மூட்டையும்
தூண்டில் நரம்பால் தைத்துக்கொண்டிருந்தார்.
அவருடைய சட்டைகள் அல்ல. எல்லாருடையதும்.

எந்தப் பிடி, என்றேன்.
ஓசோதோ-காரி.
எழுத்துகளைப் பிரித்தால்
பெரிய, வெளிப்புற, அறுப்பு.
அறுவடை என்று எழுதினேன்,
அடித்தேன்,
மறுபடி அதையே எழுதினேன்.

காட்டுங்கள் என்று சொல்லியிருக்கக் கூடாது.
சொல்லிவிட்டேன்.
படிவத்தை மடித்து உள்பையில் வைத்தேன்.
அவர் எழுந்து வந்து இடக்கையால்
என் கோட்டின் வலக்கையைப் பிடித்தார்.
வலக்கை என் காலரில்.
மீன் வாடை, மருந்து எண்ணெய் வாடை.

"விழவைப்பது கால்.
ஆனால் கடைசியில் இந்த இடக்கை மேலே இழுக்கும்.
விழுகிறவன் தலை தரையில் படாமலிருப்பது
இந்தக் கையால்.
பத்தொன்பது வருடமாக அவனை விழவைத்திருக்கிறேன்,
ராத்திரிக்கு இருபது தடவை."

(மனம் பழக்கத்தில் பெருக்கியது:
வருடத்துக்கு ஐம்பது செவ்வாய்,
பத்தொன்பதாயிரம்.)

"ஒவ்வொரு தடவையும் பிடித்தேன்.
அன்றும் பிடித்தேன்.
சட்டையின் கை என் கையிலேயே இருந்தது.
அவன்தான் அதில் இல்லை."

இசோபே எழுந்திருக்கிறார். சிரித்திருக்கிறார்.
கிழிந்த கையைத் தலையில் தொப்பியாக மாட்டிக்கொண்டு
புதுச் சட்டைக்கு உன் கணக்கில்தான் என்றிருக்கிறார்.
இயந்திரத்தில் காசு போட்டு
டப்பாக் காபி குடித்திருக்கிறார், சூடானது.
பாதி குடித்துவிட்டு, தித்திப்பு அதிகம் என்றாராம்.
பதினொரு மணிக்கு வாந்தி.
விடிவதற்குள் முடிந்துவிட்டது.

சிறுவர் வகுப்புக்கு நேரமாகிவிட்டது.
முப்பது பிள்ளைகள் மல்லாந்து விழுந்து
உள்ளங்கையால் பாயை அறைந்தார்கள், ஒரே சமயத்தில்.
கூரைத் தகரம் அதிர்ந்தது.
மோவாயை நெஞ்சில் ஒட்டு, மோவாய், மோவாய்,
என்று யாரோ கத்திக்கொண்டேயிருந்தார்கள்.

யாமகாதா அலுவலகம் நாளை போன் செய்யும்.
எதை அடித்தீர்கள், கானோமாதா அம்மா?
எதையும் அடிக்கவில்லை என்றால்
கோப்பு நகராது,
கோப்பு நகராவிட்டால்
இசோபேயின் மனைவிக்குப் பணம் வராது.
இதை அவரிடம் சொல்ல வாயெடுத்தேன்.

தோகாஷி இன்னும் என் கையை விடவில்லை.
குனிந்து கோட்டின் தோளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
"இங்கே நூல் விட்டிருக்கிறது," என்றார்.
"கழற்றுங்கள்."

கழற்றிக் கொடுத்தேன்,
உள்பையில் படிவத்தோடு.